சோப்புக் கம்பெனிக்குப் பிடித்த தோஷம்

வெள்ளிக்கிழமை காலை சோப்புக் கம்பெனி நின்றுபோனது. இயந்திரம் பழுதில்லை. மின்சாரம் போகவில்லை. கூலி கேட்டு யாரும் கொடி பிடிக்கவும் இல்லை. மஞ்சநீர் சாமியார் வந்திருந்தார்.

1973-ல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் ஓடுகிற லாரியும் நிற்கும். ஆரம்பாக்கத்திலிருந்தெல்லாம் வந்த கூட்டம் கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டிருந்தது.

சாமியாரின் வித்தை எளியது. நீட்டிய உள்ளங்கையில் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார். மஞ்சளாகவே இருந்தால் புண்ணியம். சிவந்தால் தோஷம். அவர் மந்திரித்த எலுமிச்சம்பழத்தைக் காசு கொடுத்து வாங்கி அதே கையில் பிழிந்தால் சிவப்பு ஓடிப்போகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அவரை அழைத்து வந்தவர் மேனேஜர் பாஷ்யம். சோப்பில் முத்திரை அடிக்கும் இயந்திரத்தில் முனிகிருஷ்ணன் என்ற தொழிலாளியின் விரல் போயிருந்தது. அந்த இயந்திரத்துக்குத் தடுப்புத் தகடு கிடையாது. தகடு வாங்க மேலிடத்து அனுமதி மாதக்கணக்கில் வரவில்லை. சாமியாருக்கு ஒரே நாளில் வந்தது.

செவ்வாய்க்கிழமையே முதல் சோதனை. சோப்பு வெட்டுகிறவர்கள், அடுக்குகிறவர்கள் கையெல்லாம் சிவந்தது. மேனேஜர், கணக்கர், டைப்பிஸ்ட் கையெல்லாம் மஞ்சள். தோஷத்துக்கும் யார் யாருக்கு என்ன சம்பளம் என்று தெரிந்திருந்தது.

எல்லாரையும்விடச் சிவந்தது செங்கம்மாளின் கை. ஈரச் சோப்புப் பாளத்தைக் கம்பியால் அறுப்பது அவள் வேலை. பழவேற்காட்டுக் குப்பத்துக்காரி. புருஷனை ஏரி கொண்டுபோன பிறகு இரண்டு பிள்ளைகளை இந்தக் கூலியில்தான் வளர்த்தாள்.

“இவதான், நைனா, எல்லாத்துக்கும் மூலம். வெள்ளிக்கெழமை கணக்கத் தீத்து அனுப்பிடு. இல்லாங்காட்டி மெசின் இன்னும் ரத்தம் கேக்கும்” என்றார் சாமியார்.

பாஷ்யம் தலையாட்டினார். முனிகிருஷ்ணனின் நஷ்டஈட்டுப் பேச்சும் அத்துடன் நின்றது. தோஷத்துக்கு நஷ்டஈடு கேட்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கம்பெனி ஆய்வகத்தின் விஞ்ஞானி அம்புஜவல்லி. வெள்ளைக் கோட்டைப் பார்த்து எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். தலைவலி மாத்திரை கேட்டு வருவார்கள். புதுச் சலவை சோப்பில் காரம் அதிகம், பெண்களின் கை வெடிக்கிறது என்று அவர் பலமுறை சொல்லிவிட்டார். எம்.எஸ்சி. படித்தவள் சொன்னால் பாஷ்யம் ஆதாரம் கேட்பார். சாமியாரிடம் கேட்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை சாமியார் சொம்பை எடுத்தபோது அம்புஜவல்லி இரண்டு பொருள்களோடு வந்தார். ஒரு கையில் அப்போதுதான் அறுத்த ஈரச் சோப்பு. மறு கையில் சந்தையில் வாங்கிய, யாரும் மந்திரிக்காத எலுமிச்சம்பழம்.

“சார், இதைக் கொஞ்சம் கையிலே தேய்ச்சுப் பாருங்கோ.”

“இப்ப எதுக்கும்மா இது?”

“நம்ம சோப்புதானே சார்.”

சொந்தக் கம்பெனிச் சோப்பைத் தொட மாட்டேன் என்று ஊர் பார்க்க எந்த மேனேஜர் சொல்வார்? பாஷ்யம் வாங்கித் தேய்த்தார். செங்கம்மாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கை கழுவினாள். வேலை போனால் ஏரிச் சேற்றில் இறால் தடவப் போக வேண்டும். அதில் அரை வயிறுகூட நிரம்பாது.

“இப்ப ரெண்டு பேருக்கும் ஊத்துங்க சாமி” என்றார் அம்புஜவல்லி.

நல்ல நேரம் தாண்டிவிட்டது என்றார் சாமியார். தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது என்றார். மூன்று நாளாகத் தெய்வத்தை வைத்துச் சோதித்தவர் அவர்தான். அம்புஜவல்லி சொம்பை வாங்கித் தானே ஊற்றினார்.

செங்கம்மாள் கை மஞ்சள். மேனேஜர் கை செக்கச்சிவப்பு.

சோப்பு அடுக்கும் கெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அப்ப கணக்கத் தீத்து அனுப்ப வேண்டியது மேனேஜர் ஐயாவையா, சாமி?”

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கெங்கம்மாள் குனிந்து பாஷ்யத்தின் உள்ளங்கையை உற்றுப் பார்த்தாள். “அட, இது ஆரத்தித் தண்ணி. மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்காதா? போன மாசம் என் பொண்ணு கல்யாணத்துக்கு நானே கரைச்சேன். இதுக்குப் போய் காசு குடுத்துக்கினு நின்னேனே.”

“சுண்ணாம்பு செய்யறதை நம்ம சோப்புல இருக்கற காரம் செய்யறது” என்றார் அம்புஜவல்லி. “எலுமிச்சம்புளிப்பு அதை முறிச்சிடும். சார், நீங்க கேட்ட ஆதாரம் உங்க கையிலேயே இருக்கு.”

சாமியார் சொம்பைக்கூடக் கேட்காமல் ஆந்திரா பஸ் பிடித்தார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே பாஷ்யம் செங்கம்மாளை வேலைக்குப் போகச் சொன்னார். “இயந்திரத்துக்குத் தகடு?” என்று யாரோ கேட்டார்கள். அடுத்த வாரம் வந்தது.

சாமியாருக்கு நஷ்டமில்லை. ஒரே மாதத்தில் நாயுடுப்பேட்டையில் கடை விரித்தார் என்று கேள்வி. அங்கேயும் எல்லார் வீட்டிலும் கல்யாணம் நடக்கிறது; எல்லாப் பெண்களும் ஆரத்தி கரைக்கிறார்கள். அடுப்படியில் அறிந்ததைச் சாமியார் முன்னால் மறப்பதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கும் வரை, நம் நாட்டில் எலுமிச்சம்பழம் விலை இறங்காது.