ஜீப்புக்குப் போட்ட தேய்மானம்

கணக்கே தெரியாதவர்களால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சேதம் வந்துவிடாது. அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் வரும். எங்கள் வீட்டுக்கு வந்த அரைகுறை நான்தான்.

எண்பதுகளில் சிலமலையிலிருந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவள் (பாஸ்தான், அதற்கு மேல் கேட்காதீர்கள்). என் கணவரும் அவருடைய மாமன் மகன் செல்லத்துரை அண்ணனும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தார்கள். காலையில் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும். சாயங்காலம் மூட்டைகளோடு இறங்கும். கணக்கெல்லாம் இருவர் சட்டைப்பையிலும் இருந்தது. படித்த பிள்ளை வந்தாயிற்று என்று அதை என் தலையில் கட்டினார்கள்.

வரவு செலவை ஒழுங்காகவே எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். பொருள் பழசாக ஆக அதன் மதிப்பைக் கணக்கில் குறைக்க வேண்டும், அதற்குத் தேய்மானம் என்று பெயர் எனப் படித்திருந்தேன். பத்து சதவீதம் என்பது நினைவிருந்தது. வருஷத்துக்கு என்பது நினைவில்லை. மிச்சமிருந்த மதிப்பில் மாதாமாதம் குறைத்தேன்.

ஒன்றரை வருஷம் போனது. ராசிங்காபுரத்தில் கிணறு வெட்டப்போகிறேன், ஜீப்பை நீங்களே வைத்துக்கொண்டு என் பங்கைக் கொடுங்கள் என்று வந்து நின்றார் அண்ணன். நான் பெருமையாக நோட்டை விரித்து ஜீப்பின் மதிப்பைச் சொன்னேன். அது முந்தின வாரம் மாற்றிய நாலு டயரின் விலையைவிடக் குறைவு.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஏந் தங்கச்சி, வண்டி முழுசாத்தான நிக்குது?"

"நிக்குதுண்ணே. கணக்குல தேஞ்சிருச்சு."

என் கணவர் போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார் (எதைத் தேடினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது). "சரி, தேஞ்ச காசு இப்ப யாருகிட்ட இருக்கு?"

"யாருகிட்டயும் இல்லைங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் குரலைத் தாழ்த்தினார். "சிலமலைக்கு ஏதும் குடுத்துவிட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணக்குப் புத்தக விலை வேறு, சந்தை விலை வேறு என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினேன்.

"அப்பப் புத்தகம் எதுக்குத்தா?" என்றார் அண்ணன். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து ரூபாயை எடுத்தார். "இந்தா மாப்ளே, ஒம் பங்கு. அந்த விலைக்கு வண்டிய நானே எடுத்துக்கிறேன்."

"அந்த விலைக்கு எவன் தருவான் மச்சான்?"

"அப்ப நான் மட்டும் அந்த விலைக்கு விட்டுட்டுப் போகணுமாக்கும்?"

நான் காப்பி போட உள்ளே ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது கிணற்றை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பிரிக்கிற பேச்சே வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.

அந்தக் கூட்டு அப்புறம் பிரியவேயில்லை. ஜீப் போய் லாரி வந்தது, பிள்ளைகள் தலையெடுத்தார்கள். இப்போதும் இரண்டு வீட்டுப் பையன்களும் முறைத்துக்கொண்டு பங்கு பிரிக்கலாம் என்று ஆரம்பித்தால் என் கணவர் தடுப்பதில்லை.

"தாராளமாப் பிரிச்சுக்கங்கப்பா. கணக்கை இவ பாப்பா" என்பார்.

பையன்கள் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.