பாம்பாம் அண்ணன் மீன் தராத வீடு

பத்திரிகை ஆசிரியர் ஐயா, என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன். பல தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கையில் காசோடு நிற்பவர்களை விரட்டி அடிக்கிற வியாபாரி இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் செலியமேட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். மொபெட்டில் ரப்பர் ஹாரனை ‘பாம் பாம்’ என்று அமுக்கிக்கொண்டு வருவதால் பாம்பாம் அண்ணன். மீன் புதிது, எடையும் சரி. கோளாறு ஒன்றே ஒன்று. படிக்கிற வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய வீட்டுக்கு மீன் தர மாட்டார்.

கரும்பு போடுகிற பெரிய வீட்டுக்காரர் ஒரு பையனை மாடு மேய்க்க வைத்திருந்தார். அவர் வீட்டில் மாப்பிள்ளை விருந்து.

“யோவ், துட்டு குடுக்கறேன்ல?”

“அந்தத் துட்டையே வறுத்துத் துன்னு. மாட்ட நீ மேய், புள்ளைய இஸ்கோலுக்கு அனுப்பு.”

மாப்பிள்ளை கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். மறு வாரம் பையன் பள்ளிக்கூடம் போனான்.

ஒரு வீட்டில் பையனுக்குக் காய்ச்சல் என்றார்கள். இவர் நம்பாமல், செதில் ஒட்டிய கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் போனார். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடியே போனான்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்கும் முறை வந்தது. என் பெண் பவித்ரா பிளஸ் டூவில் நல்ல மார்க். நர்சிங் காலேஜில் அப்பாவோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நானோ அவளைச் சேதராப்பட்டு கம்பெனி வேலைக்கு வேனில் ஏற்றிவிடப் பேசி வைத்தேன். அன்று இரவு அவள் சரியாகச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஹாரன் என் வாசலில் நின்றது.

“தெருவே கேட்டுக்கோ! இந்த வூட்டுக்கு மீனு கெடையாது!”

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சட்டியைக் கொடுத்து வாங்கிவரச் சொன்னாள்.

“ஏம்மா, ஆளு மாறிச்சி, சட்டி மாறலியே?” என்று தெருவே சிரிக்கும்படி திருப்பி அனுப்பினார்.

கடைசியில் ஏரிக்கரையில் என்னை மடக்கினார். “இன்னாபா, சம்பளத்துக்காவா புள்ளைய அனுப்புற?”

“இல்லண்ணா” என்றேன். அவர் வழிவிடாமல் நிற்கவே, உள்ளதைச் சொல்லிவிட்டேன். “அங்க அப்பன் வந்து பேசணுமாம். எனக்கு இன்னா தெரியும்? இங்கிலீசுல எதுனா கேட்டா, புள்ளைக்குத்தான அசிங்கம்?”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “உன்னையா பரீச்ச எழுதச் சொல்லப்போறான்? காலைல ரெடியா இரு” என்றார்.

காலையில் மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். நடுவில் பவித்ரா, பின்னால் பெட்டிமேல் நான். வழியெல்லாம் பூனைகள் எங்களை மரியாதையாகப் பார்த்தன.

காலேஜ் கேட்டில் இறங்கியதும் அவர் வண்டியோடு மரத்தடிக்கு ஒதுங்கினார்.

“நீங்க ரெண்டு பேரும் போங்க.”

“நீயும் வாண்ணா.”

“வாணாம்பா.” சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. “மீனு நாத்தம். எல்லாரும் பாப்பாங்க. புள்ளைக்கு அசிங்கம்.”

தெருவே அதிரக் கத்துகிற மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்ன அதே வார்த்தை. அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது என் உடம்பு கூசிப்போனது. இதற்காகவா பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்தேன்?

பவித்ராதான் அவர் கையைப் பிடித்தாள். “வா பெரிப்பா. நேரமாவுது.”

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து தள்ளிப்போனார்கள். எங்களுக்கு நல்ல தாராளமான இடம். “பவித்ராவோட அப்பா யாருங்க?” என்று காலேஜ் ஆபீசில் கேட்டபோது, என்னைத் தள்ளிவிட அண்ணன் முழங்கையைத் தூக்கினார். அதற்குள் நானே எழுந்துவிட்டேன்.

“நான்தான் சார்.”

அதற்கு மேல் அவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள்.

போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்த முரட்டு மனிதர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, என் பெண்ணின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

எழுதி முடித்தது, ஆவணி கடைசி ஞாயிறு.