பதிமூணு வரட்டும்

பெங்களூரில் வாழும் உயிரினங்களில் ஏரிக் கொக்கைப் பற்றி எழுதிவிட்டார்கள், கப்பன் பார்க் வவ்வாலைப் பற்றி எழுதிவிட்டார்கள், ஆட்டோ டிரைவரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் தெருவுக்கு ஒருவராக இருந்து, இப்போது வீட்டுக்கு ஒருவராகப் பெருகிவிட்ட ஓர் இனத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதக் காணோம். 'ரேட் பார்ப்பவர்' என்று அந்த இனத்துக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். வாசகரே, இவரை உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறீர்கள்.

இந்த இனத்தில் சேருவதற்குப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். கடல் கடந்த ஊரில் சம்பாதிக்கும் பிள்ளையோ பெண்ணோ ஒன்று இருந்தால் போதும். அந்தப் பிள்ளை அங்கே வெயிலிலோ பனியிலோ நின்று சம்பாதிக்கும். இவர் இங்கே நிழலில் உட்கார்ந்து, அந்தச் சம்பாத்தியம் எந்த நாள், எந்த வேளை இந்தியாவுக்குள் காலடி எடுத்து வைக்கலாம் என்று நிர்ணயிப்பார். பணம் அனுப்புவது நமக்கு ஒரு வேலை. இவருக்கு அது முகூர்த்தம். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்க்காத பகுத்தறிவாளர்கூட இதில் நாள் பார்ப்பார்.

காலையில் பேப்பர் வந்ததும் நீங்களும் நானும் முன்பக்கம் பார்ப்போம். இவர் பின்பக்கமாகப் பிரித்து, பங்குச் சந்தைக்கும் வெள்ளி விலைக்கும் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருக்கும் ஒரு கட்டத்தில் மூக்கை வைப்பார். டாலர், பவுண்டு, திர்ஹாம். மூக்கு மேலே வரும்போது முகம் மலர்ந்திருந்தால் வீட்டில் காபி கொண்டுவருவார்கள். வாடியிருந்தால் கொஞ்சம் பொறுத்துக் கொண்டுவருவார்கள். பேப்பர் ரேட் நேற்றைய ரேட் என்பதால் அதை அவர் நம்புவதில்லை. டிவியில் செய்தி வாசிப்பவர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், இவர் கண் அவருக்குக் கீழே ஓடும் பட்டையில் இருக்கும். அதிலும் திருப்தி இல்லாமல் சைபர் சென்டருக்குப் போய், அங்கே பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன்களோடு வரிசையில் நின்று, தன் முடிவையும் பார்த்துவிட்டு வருவார்.

இவருடைய நாட்டுப்பற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுதந்திர தினத்தன்று கொடியேற்றத்துக்கு முதல் ஆளாக வந்து, தொண்டை நரம்பு புடைக்க ஜே போடுவார். மறுநாள் ரூபாய் மதிப்பு உயர்ந்தது என்று செய்தி வந்தால் இழவு வீட்டு முகத்தோடு நடமாடுவார். தாய்நாடு வாழ வேண்டும், தாய்நாட்டுக் காசு மட்டும் சரிய வேண்டும். இது முரண் இல்லையா என்று நீங்கள் கேட்டால், "ஏற்றுமதி படுத்துடும் சார், எலெக்ட்ரானிக் சிட்டியே ஆடிப்போயிருக்கு" என்பார். தன்னையும் எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

பொதுவாகப் பேசினால் நம்ப மாட்டீர்கள். ஆகவே உத்தமனைக் கொண்டுவருகிறேன்.

உத்தமன் எங்கள் தொம்மலூர்த் தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டுக்காரர். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் தர்ஷினி, புருஷன் அருண்குமாரோடு துபாயில் இருக்கிறாள், இருவருக்கும் வேலை. உத்தமன் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு பாத்ரூம். அதன் மேலே ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்பது அவர் மனைவி சீதாலட்சுமியின் திட்டம். பெண்ணும் சரி என்று சொல்லி, இரண்டாயிரத்து ஆறாம் வருஷத் தொடக்கத்தில் முதல் தவணையை அனுப்பினாள். ராஜேந்திரன் மேஸ்திரி வந்தார், மாடிச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியது.

அங்கே நின்றது.

ஏன் நின்றது? முதல் தவணை வந்தபோது துபாய்க் காசான திர்ஹாம் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய். வந்த பிறகு அது பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது. பொறுத்திருந்தால் இன்னும் சில ஆயிரங்கள் கிடைத்திருக்குமே என்ற எண்ணம் உத்தமனுக்குள் ஊசிபோல இறங்கிய அந்த நாளில்தான், சாதாரண மனிதராக இருந்தவர் ரேட் பார்ப்பவராக மாறினார். "இனிமே நான் சொல்றப்ப அனுப்பும்மா. பதிமூணு வரட்டும்" என்றார் பெண்ணிடம்.

பதின்மூன்று வரவில்லை. அடுத்த வருஷம் ரூபாய்க்கு என்ன வீரம் வந்ததோ, திர்ஹாம் பன்னிரண்டாகி, பதினொன்றரையாகி, பதினொன்றுக்கு வந்து உட்கார்ந்தது. இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போனது போகட்டும் என்று வாங்கிக் கட்டி முடிப்பீர்கள். அதனால்தான் நீங்கள் இந்த இனத்தில் சேரவில்லை, அல்லது சேரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உத்தமனின் தர்க்கம் வேறு. ரேட் ஏறும்போது, இன்னும் ஏறும், பொறு. இறங்கும்போது, இறங்கினது ஏறும், பொறு. அசையாமல் நிற்கும்போது, எதற்கோ பதுங்குகிறது, பொறு. இப்படி எந்தப் பக்கம் போனாலும் பொறுமைக்கே வந்து சேரும் சாஸ்திரம் இது ஒன்றுதான்.

தெருவே அந்தச் சுவரைப் பார்த்துப் பொருளாதாரம் கற்றது. செங்கல் இடுக்கில் புல் முளைத்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் சீதாலட்சுமி கயிறு கட்டித் துணி உலர்த்தினார். பால் பூத்துக்காரர் பாக்கெட்டை நீட்டும்போதே, "ஏன் சார், இவத்து எஷ்டு?" என்று கன்னடத்தில் அன்றைய ரேட்டைக் கேட்க ஆரம்பித்தார், அவருக்கு வெளிநாட்டில் ஓர் ஈ எறும்புகூடக் கிடையாது. ராஜேந்திரன் மேஸ்திரி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்துவார்.

"இன்னா சார், கலவை போட்லாமா?"

"மார்க்கெட் சரியில்ல ராஜேந்திரா."

"சிமெண்டு மூட்ட ஏறிக்கினே கீது சார். கம்பி அதுக்கு மேல. நீ அங்க பைசா பாக்கறே, இங்க ரூபாயா போவுது."

"அது வேற சப்ஜெக்ட்பா."

சிமெண்ட் வேறு சப்ஜெக்ட். கூலி வேறு சப்ஜெக்ட். மழையில் ஊறிச் சுவர் கறுத்துப்போவது முற்றிலும் வேறு சப்ஜெக்ட். ரேட் பார்ப்பவர் ஒரு சப்ஜெக்டில் மட்டும் பாஸ் செய்ய உட்கார்ந்தவர்.

இப்படியிருக்கும்போது அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து போன் வந்தது. அங்கே வெள்ளி விடுமுறை. ஆகவே எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைக்கு அம்மனைவிட உத்தமன் அதிகம் காத்திருப்பார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், எனக்கும் கேட்கும்.

"அப்பா, ஒரு நல்ல சேதி."

"ஏறிடுச்சாம்மா?"

"ஐயோ, அது இல்லப்பா. போனை அம்மாகிட்ட குடுங்க."

சீதாலட்சுமி வாங்கினார், கேட்டார், வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். தர்ஷினி உண்டாகியிருந்தாள். பொங்கல் கழித்துப் பிரசவத்துக்குப் பெங்களூர் வருகிறாள். உத்தமனுக்கும் சந்தோஷம்தான், அதில் நாம் சந்தேகப்படக் கூடாது. போனைத் திரும்ப வாங்கி, "உடம்பப் பாத்துக்கம்மா. நல்லா சாப்பிடு. பணம் மட்டும் இப்ப அனுப்பிடாத" என்று ஆசீர்வதித்தார்.

அன்றைக்குச் சீதாலட்சுமி ஒரு கணக்குப் போட்டார். அதில் திர்ஹாமே இல்லை. இருப்பது ஓர் அறை, ஒரு பாத்ரூம். வரப்போவது வயிற்றுப்பிள்ளைக்காரி, பிறகு ஒரு சிசு, அதைப் பார்க்க வரும் சம்பந்தி வீட்டார், இதற்கு நடுவே நாள் முழுக்கச் செய்தி அலறும் டிவியும் அதன் முன்னால் ஒரு மனிதரும். மாடி முடிந்தே ஆக வேண்டும். பெண்ணை மாடியேற்ற அல்ல, அவரை மாடியேற்ற.

உத்தமன் சைபர் சென்டருக்குப் போயிருந்த ஒரு வேளையில் சீதாலட்சுமி துபாய்க்குப் பேசினார். நான் பேப்பர் திருப்பிக் கொடுக்கப் போனவன், உள்ளே கூப்பிடும்வரை வாசலில் நின்றேன்.

"தர்ஷு, அப்பா அக்கவுண்டுக்கு வேணாம். என் பேருக்கு அனுப்பு. மெயின் ரோடு டிராவல்ஸ் கடையில, நம்பர் சொன்னா கையில குடுக்கறாங்களாம்."

"இன்னிக்கு ரேட்டு ரொம்பக் கம்மிம்மா…"

"ஏண்டி, உனக்கும் தொத்திக்கிச்சா? புள்ளைய எப்ப பெக்கறதுன்னும் பேப்பர் பாத்துட்டுத்தான் சொல்லுவியா?"



பணம் தவணை தவணையாக வந்தது. சீதாலட்சுமி காய்கறிப் பையோடு போவார், வாக்காளர் அட்டையைக் காட்டுவார், நம்பர் சொல்வார், நோட்டுகளின் மேல் கொத்தமல்லிக் கட்டைப் போட்டுக்கொண்டு வருவார். ராஜேந்திரன் மேஸ்திரி மறுபடி சாரம் கட்டினார். திர்ஹாம் பத்தே முக்காலுக்கு இறங்கிய அதே வாரம், கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள்.

உத்தமன் கேட்காமல் இருப்பாரா? முதல் நாளே கேட்டார்.

"பணம் ஏது?"

"சீட்டு எடுத்தேன்."

"அப்ப சரி" என்றார். உள்ளூர்ச் சீட்டு என்றால் ரூபாய். ரூபாய்க்கு ரூபாயில் ரேட் கிடையாது. ஆகவே அதில் நஷ்டம் வர வழியில்லை. அதற்கு மேல் அவர் துருவவில்லை. மாறாக, திட்டமே தன்னுடையது என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாரத்தடியில் நின்றார். என்னைக் கண்டதும், "பார்த்தீங்களா சார், உள்நாட்டு மூலதனத்துலயே முடிச்சாச்சு. நம்ம வெளிநாட்டுக் கையிருப்பு ஒரு திர்ஹாம் குறையாம அப்படியே நிக்குது" என்றார். ரிசர்வ் வங்கியே அவ்வளவு நிம்மதியாகப் பேசிக் கேட்டதில்லை.

பொங்கல் கழித்து தர்ஷினி வந்து இறங்கினாள். அப்போது விமான நிலையம் இங்கே பக்கத்திலேயே இருந்தது. அழைத்துவர என் காரில்தான் போனோம். பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் கண் கலங்கிய உத்தமன், பெட்டியைத் தானே தூக்கி வைத்தார், ஜன்னலை ஏற்றிவிட்டார், காற்று படாமல் சால்வை போர்த்தினார். பிறகு மெதுவாகத் தொடங்கினார்.

"அங்க எவ்வளவும்மா சேந்திருக்கும்?"

"எங்கப்பா சேந்திருக்கும்? அதான் மாடிக்கு அனுப்பிட்டேனே."

முன்சீட்டில் இருந்த சீதாலட்சுமி வெளியே தென்னைமரங்களைப் பார்த்தார். தென்னைமரங்கள் இல்லாத இடத்திலும் பார்த்தார். நான் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே ஓட்டினேன். மனைவி ஐந்து மாதம் பொய் சொல்லியிருக்கிறாள், பெண் அதற்கு உடந்தை, தன்னைத் தவிர ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கணவன், ஒரு தகப்பன், இப்போது என்ன கேட்பான்?

"என்ன ரேட்டுக்கு?" என்றார் உத்தமன்.

அவள் சொன்னாள். தொம்மலூர் மேம்பாலம் வரைக்கும் உத்தமன் விரல் மடக்கிப் பெருக்கிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே அவரை மாடியேற்றினார்கள், டிவியோடு. கீழே அமைதி பிறந்தது. கட்டில், தொட்டில், வெந்நீர், மருந்து வாசனை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. சம்பந்தி வீட்டார் வந்து, "நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சீதாலட்சுமிக்கு வெற்றி. ஆனால் விதி, ரேட் பார்ப்பவர்களை ஒருநாளும் முழுசாகக் கைவிடுவதில்லை. அந்த வருஷக் கடைசியில் உலகமெங்கும் பெரிய பெரிய வங்கிகள் சாய்ந்து, ரூபாயும் கூடவே சாய்ந்து, திர்ஹாம் ஒரு காலையில் பதின்மூன்றைத் தாண்டியது. உத்தமன் பேப்பரை ஏந்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்த கோலத்தை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். உலகத்தில் எத்தனையோ பேருக்கு வேலை போன நாள் அது. அவருக்கு முடிசூட்டு விழா.

"நான் சொன்னேனா இல்லையா? பதிமூணு!"

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சீதாலட்சுமி கிண்ணத்திலிருந்து தலை நிமிரவில்லை. "சரி, வந்துச்சு. அதுவரைக்கும் யார் வீட்டு மாடியில படுத்திருப்பீங்க?"

இதற்குப் பதில் உண்டா? அவருக்கு உண்டு. "அது வேற சப்ஜெக்ட்."

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு யார் போனாலும், முதலில் மாடிக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார். பழைய கோயில்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிபோல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இந்தக் கதவுல நமக்குப் போன நஷ்டம் இவ்வளவு. இந்த ஜன்னல்ல இவ்வளவு. பாத்ரூம் டைல்ஸ் பக்கம் நான் போறதே இல்ல சார், மனசு தாங்கல" என்கிறார். தன் நஷ்டத்துக்குள்ளேயே கட்டில் போட்டு, மின்விசிறி சுழலவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இப்போது மாப்பிள்ளையின் சேமிப்பு அங்கே கிடப்பதாகத் தகவல். அருண்குமாரிடம் பேசிவிட்டாராம். பதினாலு வரட்டும் என்று சொல்லியிருக்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குத் துபாயில் யாரும் இல்லை, நான் இந்த இனம் இல்லை என்று ஒரு தெம்பு உங்கள் முகத்தில் தெரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சீதாலட்சுமி பத்தே முக்காலுக்குப் பணம் வாங்கினார் என்று படித்தபோது, உங்களை அறியாமல் நாக்கு 'ச்சு' கொட்டவில்லை? பதின்மூன்று வந்தது என்றதும், அந்த இரண்டே காலையும் எதனோடோ பெருக்கிப் பார்க்க மனசு ஓடவில்லை? இத்தனை நேரமும் ஒரு பெண் வயிற்றுப் பிள்ளையோடு விமானம் ஏறி வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், பெற்று எடுத்து வந்திருக்கிறாள். ஆணா பெண்ணா என்று நீங்கள் என்னைக் கேட்கவேயில்லை.

உத்தமனாவது பிரசவ வார்டு வாசலில், அன்றைய ரேட்டை விசாரித்துவிட்டு, இரண்டாவதாக அதைத்தான் கேட்டார்.