வட்டமாகப் போட்ட கையெழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையை உதறிவிட்டு உங்கள் மருந்துக்கடைக்கே வந்துவிடுகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா? அண்ணி எனக்கென்று நாற்காலி வாங்கிப் போட்டிருந்தால் மன்னிக்கவும். நான் வரவில்லை.

எங்கள் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு பெரியதென்று உங்களுக்குத் தெரியும். அதில் எங்கள் கிளையின் இழப்பீட்டுப் பிரிவில் ஏழு பேர் பார்த்த வேலையை இப்போது நான்கு பேர் பார்க்கிறோம். ஓய்வு பெற்றுப் போன மூவரின் நாற்காலிகளில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன; எங்கள் பிரிவில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவை அவைதான். இந்த லட்சணத்தில் மேலாளர் எங்கள் கணினிகளில் ஒரு கடிகாரத்தை ஏற்றிவிட்டார். ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பன்னிரண்டு நிமிடம். தாண்டினால் திரை முழுக்கச் சிவந்துவிடும். அப்படி இருக்கும்போது கடை தீப்பிடித்துப்போன ஒரு தையல்காரர் கூப்பிட்டார். நான் பாலிசி எண்ணைக் கேட்டேன், அவர் பதினாறு வருடம் மிதித்த மிஷினைப் பற்றிச் சொன்னார், சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரிடம் "கொஞ்சம் சீக்கிரம் அழுங்க" என்றா சொல்ல முடியும்? நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் விளக்கம் கேட்டு மேலாளரிடமிருந்து கடிதம். அந்த விளக்கத்தை எழுத ஒரு மணி நேரமானது. அதற்கு ஏன் ஒரு மணி நேரம் என்று இன்னொரு கடிதம்.

கடிகாரத்தை எடுங்கள், ஆட்களைக் கூட்டுங்கள் என்று பக்கத்துப் பிரிவும் சேர்ந்து பதினான்கு பேர் மேலாளர் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினோம். ஆனால் கையெழுத்துப் போட யாரும் பேனாவைத் தொடவில்லை. எங்கள் பிரிவில் 'ஆமாம் சார்' என்று ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக வேறு வார்த்தை பேசாததால் அந்தப் பெயர். அவர் திடீரென்று, "முதல்ல போட்டவரைத்தானே முதல்ல தூக்குவாங்க? முதல்னு ஒண்ணு இல்லாம பண்ணிட்டா?" என்று சொல்லி, சாப்பாட்டு டப்பா மூடியை மனுவின் கீழே கவிழ்த்து வட்டம் வரைந்தார். வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டோம்.

மேலாளர் காகிதத்தைத் திருப்பினார், பிறகு கழுத்தைத் திருப்பினார், கடைசியில் மேசையையே ஒரு சுற்று நடந்து வந்தார்.

"யாரும்மா முதல் ஆள்?"

"தெரியல சார்."

எங்கள் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"எனக்கு மேல இருக்கறவர் எனக்கு ஒரு கோப்புக்கு எட்டு நிமிஷம்தான் தர்றார்" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுல இன்னொருத்தருக்கு இடம் இருக்கா?" என்றார்.

எனக்கும் 'ஆமாம் சாரு'க்கும் நடுவே நெருக்கிப் போட்டார். அவர் முழுப் பெயரையும் எழுதியதைப் பார்த்தபோது, இத்தனை நாள் இவரை என்னென்ன திட்டியிருக்கிறேன் என்று வெட்கமாகிவிட்டது. மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: கடிகாரம் நீக்கப்படும், புதிதாக இரண்டு பேர் வருவார்கள். தையல்காரருக்கும் இழப்பீடு கிடைத்து, புது மிஷின் வந்திறங்கிவிட்டதாம். இனிமேல் ஐந்து மணிக்கு வீடு, அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு, உங்கள் வீட்டில்தான் எல்லோரும்.

அண்ணிக்கு என் அன்பு, பெரியவனுக்கும் சின்னவளுக்கும் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு: உறையை ஒட்டும் முன் செய்தி வந்தது. எல்லாக் கிளைகளிலும் கடிகாரத்தை எடுக்கும் வேலைக்கு மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்கே அழைத்துக்கொண்டார்கள். அவர் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் விடுப்பு இல்லை, ஐந்து மணியும் இல்லை. இதைப் படித்ததும் என் போன மாதக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் அண்ணா. அதில் நிர்வாகத்தைத் திட்டியதெல்லாம் இப்போது என்னைத்தான் சேரும்.