முழு சிக்னல்

லேப்டாப் திரையின் மூலையில், சிக்னல் தெரிய வேண்டிய இடத்தில், ஒரு சிவப்புப் பெருக்கல் குறி உட்கார்ந்திருந்தது. பதிவறை எழுத்தர் அதை நாற்பது நிமிடமாக முறைத்துக்கொண்டிருந்தார். அது அசைவதாக இல்லை.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவருடைய இடமாறுதல் விண்ணப்பம் இணையத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் அந்த வாய்ப்பு. மனைவியும் மகளும் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தார்கள். படிவம் நிரப்பியாகிவிட்டது, அதோடு சேர்க்க வேண்டிய பதினோரு இணைப்புச் சான்றுகளும் லேப்டாப்பில் தயார். அனுப்புவதுதான் பாக்கி.

"அந்தக் கிழட்டு லேப்டாப்பத் தூக்கிப் போடுங்கன்னு போன வருஷமே சொன்னேன்," என்றாள் மனைவி போனில்.

"லேப்டாப்புக்கு ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிற வைஃபை மட்டும்தான் செத்துப்போச்சு."

"ஆளுக்கு ஒண்ணுமில்ல, மூச்சு மட்டும்தான் நின்னுபோச்சுங்கற மாதிரி."

"வெளிய சொருகுற அடாப்டர் விக்கிறாங்க. வாங்கிடறேன்."

"இந்தத் தடவை விட்டீங்கன்னா, நீங்க வர்றதுக்குள்ள உங்க மக படிப்பு முடிச்சு வேற ஊருக்குப் போயிடுவா."

"விட மாட்டேன்," என்றார் எழுத்தர்.

அவருடைய போன் பேச மட்டுமே பயன்படும். லேப்டாப்பில் கேபிள் சொருகும் துளையும் உடைந்து நாளாயிற்று. ஒரு தாளில் வரிசை எண் போட்டு ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, நாள் வாடகைக்குக் கார் ஒன்றைப் பிடித்துக் கணினிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் முதல் கேள்வியிலேயே குறுக்கிட்டார். "சின்னது வேணுமா, கொம்பு வச்சது வேணுமா?"

"அது ஏழாவது கேள்வி."

நகம் அளவில் ஒன்றைக் கடைக்காரர் சொருகினார். கடவுச்சொல் கேட்காத கடை வைஃபையில் நாலு கோடும் எரிந்தன. எழுத்தர் அன்றைய வானிலையைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்து வீடு திரும்பினார்.

வீட்டில் அவருடைய ரூட்டரின் பெயரே திரையில் வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன.

"உங்க ரூட்டர் வேற அலைவரிசை போலிருக்கு. சின்னதுக்கு அது கேக்காது," என்றார் கடைக்காரர், இரண்டாம் முறை. "ரெண்டு அலையும் பிடிக்கிறது இது."

இரண்டு ஆன்டெனாக் கொம்புகளுடன் இருந்தது அது. கடையில் மறுபடி நாலு கோடு. மறுபடி வானிலை.

வீட்டில் இப்போது ரூட்டரின் பெயர் வந்தது, கடவுச்சொல் கேட்டது. லேப்டாப்பில் பாதி எழுத்துகள் வேலை செய்யாததால் அவர் தனிக் கீபோர்டு வைத்திருந்தார். கொம்பன் அகலமாக உட்கார்ந்து, கீபோர்டு சொருகும் பக்கத்துத் துளையை மூடிக்கொண்டது. கொம்பனைச் சொருகினால் கீபோர்டு இல்லை. கீபோர்டைச் சொருகினால் கொம்பன் இல்லை.

"ஒரு துளைய நாலா பிரிக்கிற பெட்டி இருக்கு," என்றார் கடைக்காரர், மூன்றாம் முறை. கடைக்காரரின் மனைவி எழுத்தருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கடையில் நாலு கோடு.

வீட்டில் கீபோர்டையும் கொம்பனையும் சேர்த்துச் சுமக்கப் பழைய லேப்டாப்புக்குத் தெம்பில்லை. கொம்பன் இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு அணைந்தது.

போன் அடித்தது. "மணி நாலு. வாங்கிட்டீங்களா?"

"மூணு வாங்கிட்டேன்."

"நான் ஒண்ணுன்னு நெனச்சேன்."

நான்காம் முறை எழுத்தர் எதையும் நம்பவில்லை. கீபோர்டையும் அள்ளிக்கொண்டு போனார். தனியாக மின்சாரம் எடுக்கும் பெட்டியை வாங்கி, அத்தனையையும் கடை மேஜையில் பரப்பி மாட்டச் சொன்னார்.

"நாலு கோடு வந்திருச்சு சார்," என்றார் கடைக்காரர்.

"பத்தாது. நான் சோதிக்கணும்."

இம்முறை வானிலையோடு விடவில்லை. விண்ணப்பப் பக்கத்தையே திறந்தார். கடவுச்சொல்லைத் தனிக் கீபோர்டில் அடித்து உள்ளே போனார். பதினோரு இணைப்புகளும் ஏறின. கடைசியில் 'அனுப்பு' என்ற பச்சைக் கட்டம் பளிச்சென்று எழுந்து நின்றது. எழுத்தர் அதை ஆசை தீரப் பார்த்தார்.

"இப்பதான் சரி," என்று எல்லாவற்றையும் அணைத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்து, அதே வாடகைக் காரில் ஏறினார். மணி நாலு நாற்பது.

நாலு ஐம்பத்தைந்துக்குக் கார் பாலத்தின் நடுவே நின்றது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள்.

"வீட்டுக்குப் போய் ஒரே ஒரு தட்டு தட்டணும், அவ்வளவுதான்," என்றார் எழுத்தர், பையைக் கட்டிக்கொண்டு. "கடையில எல்லாம் ஏத்தி, கடைசிக் கட்டம் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். கச்சிதமா வேலை செய்யுது."

காலையிலிருந்து வாய் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"அவ்வளவு தூரம் போனவரு, அந்தத் தட்டையும் அங்கயே தட்டிட்டு வந்திருக்கலாமே சார்?"