மூக்கு சாரின் மீட்டர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் சேர்த்துச் சலித்தாலும் மூக்கு சாரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார். பந்தயம் கட்டுகிறவர்கள் கட்டலாம்.

சிறுவாச்சூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அவர் அங்கே வாத்தியார். நான் லேப் அட்டெண்டர். தற்காலிகம். படிப்பு எட்டாவதோடு சரி.

அவருக்கு வாசனையே தெரியாது. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. ஹாஸ்டலில் சாம்பார் அடிப்பிடித்த அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கியது அவர் மட்டும்தான். வீட்டில் கேஸ் கசிந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து காப்பாற்றினார். மறுநாளே தனக்கென்று ஒரு மிஷின் மூக்கு செய்ய உட்கார்ந்துவிட்டார்.

துத்தநாக ஆக்சைடு பொடி, கண்ணுக்குத் தெரியாத அளவு நைஸாக. நானோ என்பார். அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சூடேற்றி, கரண்ட் விடுவார். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட், எதன் ஆவி பட்டாலும் மீட்டர் ஏறும். அதனால் தலைக்கு எண்ணெய் வைத்தவனுக்கு லேபில் இடமில்லை. பிரின்சிபாலையே வாசலில் நிறுத்தினார்.

"செண்ட் போட்டிருக்கீங்க சார். அங்கேயே நின்னு சொல்லுங்க."

பிரின்சிபால் அதை மறக்கவில்லை. வெளியூரிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள், அவர்கள் முன்னால் மிஷின் ஓடாவிட்டால் ரூமைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை லீவு முடிந்த அன்று வந்தார்கள். சார் சுவிட்சைப் போட்டார். எதையும் திறக்கவில்லை. மீட்டர் மளமளவென்று ஏறி நின்றது. இறங்கவே இல்லை.

"பாத்தீங்களா, கோளாறு. சாவியைக் குடுங்க" என்றார் பிரின்சிபால்.

"மிஷின் பொய் சொல்லாதுங்க. ரூம்ல ஏதோ இருக்கு. எல்லாரும் வெளிய போங்க. மொதல்ல நீங்க."

எல்லோரும் போனார்கள், சாரும் நானும் மட்டும் உள்ளே. மீட்டர் அசையவில்லை. சார் முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கற்பூர வாசனை அங்கே சாரைத் தவிர எல்லோருக்கும்தான் அடித்தது. ஆனால் அது சாமி வாசனை. அதை யார் கெமிக்கல் என்று நினைப்பார்கள்?

"சார், பூஜையன்னிக்கு மிஷினுக்குப் பொட்டு வெச்சேன். நல்லபடியா ஓடணும்னு பெட்டிக்குள்ள ஒரு கட்டி கற்பூரமும் வெச்சேன்."

வாசலில் நின்ற பிரின்சிபால் கத்தினார்: "இவன நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லுங்க."

"அவர் போனா நானும் போறேன்" என்றார் சார். "கற்பூரமும் ஆவியாவுற சரக்குதான். மூக்கு இருக்கற இத்தனை பேர் கோட்டை விட்டீங்க. என் மிஷின் புடிச்சுது."

கட்டியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் இறங்கியது. வைத்தார், ஏறியது. வந்தவர்களில் பெரியவர் கைதட்டினார். ரூம் தப்பியது. நானும்.

சாயங்காலம் சார் தன் சோதனை நோட்டில் 'கற்பூரம்' என்று எழுதி, சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டார். அப்படி ஒரு நோட்டில் என் பெயர் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

சில வருடம் கழித்து வேலையை விட்டுக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தைக் கேட்டேன்.

"நோட்டைக் கிழிக்கக் கூடாதுப்பா" என்று மறுத்துவிட்டார்.

மறுத்தது நல்லதுதான். என் பெயர் அவரிடமே இருக்கட்டும்.