நீல வால் பறவை

ஜீப்பிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கியதுமே சங்கமித்ராவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது காபியைக் குடித்திருக்கக் கூடாது.

காலையில், தங்கிய வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். வரிசையில் நின்ற எல்லாருக்கும் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டாள். கடைசியில் அவளும், அவளுக்குப் பின்னால் கணக்குப் பிரிவு யூனிஸ் மேடமும் மட்டும் மிஞ்சியபோது ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் மருந்து பரிசோதிக்கும் லேபில் அவள் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஆபீஸ் கூட்டத்தோடு முதல் பயணம், குதுரேமுக் தேசியப் பூங்காவில் மலையருவி பார்க்க. இவர்கள் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்வதைவிட வேலையையே விட்டுவிடலாம்.

மெல்லப் பின்தங்கினாள். ஒரு புதரைக் கண்டு ஒதுங்கினாள்.

"சங்கமித்ரா! எங்க போறீங்க?" லேபில் அவளுக்கு சீனியர் ஃபிராங்க்ளின். கழுத்தில் பெரிய கேமரா.

"ஒரு... பறவை."

"என்ன பறவை?"

"நீல வால்."

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து அவளைச் சுற்றிக் குந்தியது. அவளும் குந்தினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

வழிகாட்டி கிருஷ்ணப்பா, இந்தக் காட்டில் அப்படி ஒரு பறவையே கிடையாது என்று கன்னடத்தில் சொன்னார்.

"ஏன் இல்ல? நானும் பாத்தேனே!" என்றார் யூனிஸ் மேடம். "வாலு இவ்ளோ நீளம். அதோ, உள்ள போச்சு. நானும் இவளும் போய்ப் பாத்துட்டு வர்றோம், நீங்கல்லாம் நடங்க."

"போட்டோ வேணாமா மேடம்? நானும் வர்றேன்."

"அப்போ வேணாம், விடு" என்று யூனிஸ் மேடம் எரிந்து விழுந்தார்.

லேபில் ஒருவருக்குக் கிடைத்த முடிவு இன்னொருவருக்கும் கிடைத்தால் அது உண்மை. தான் இட்டுக்கட்டிய பறவையை இன்னொருவர் பார்த்துவிட்டதை என்ன செய்வதென்று சங்கமித்ராவுக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

அடுத்த ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலு பிசகிடுச்சு. நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்."

"பாவம், பொண்ணு தனியா இருக்கும். நான் துணைக்கு இருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் யூனிஸ் மேடம் பையைக் கீழே வைத்திருந்தார்.

காட்டெருமை நடமாடும் இடம், யாரையும் விட்டுவிட்டு வர முடியாது என்றார் கிருஷ்ணப்பா. ஃபிராங்க்ளின் கேமராவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறிக்கோங்க."

"ஐயோ, வேணாம் சார்."

"அட, தங்கச்சி மாதிரி."

அவன் ஒவ்வொரு கல்லாகத் தாவினான். ஒவ்வொரு தாவலுக்கும் அவள் கண்ணை இறுக மூடினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"இதோ வந்துட்டோம். சத்தம் கேக்குதா? என்னமா கொட்டுது பாருங்க!"

"சொல்லாதீங்க சார்."

பின்னால் யூனிஸ் மேடம் பேச்சையே நிறுத்திவிட்டு, பல்லைக் கடித்தபடி சின்னச் சின்ன அடியாக வைத்து வந்துகொண்டிருந்தார்.

அருவியில் எல்லாரும் உடுப்போடு குதித்தார்கள். அவளை ஒரு பாறையில் பத்திரமாக உட்கார வைத்தார்கள். சாரல் குளிர்ந்து முகத்தில் பட்டது.

கால் பிசகிய பெண் எழுந்து ஓடினாள்.

"ஏய், அவ ஓடுறா!" என்று யாரோ கத்தினார்கள். ஃபிராங்க்ளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடி பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

பெரிய பாறையின் மறைவை அடைந்தபோது பின்னால் காலடி. யூனிஸ் மேடம்!

"மேடம், சத்தியமா பறவையே இல்ல. பொய் சொன்னேன். காலும் பொய்." அழுகை வந்துவிட்டது. "எனக்குக் காலையிலேர்ந்து பாத்ரூம் வருது. தயவுசெஞ்சு போயிடுங்க."

யூனிஸ் மேடம் பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பறவை பாக்கவா நீ ஒதுங்குற பக்கமெல்லாம் நானும் ஓடி வர்றேன்? அந்தப் பக்கம் திரும்பிக்கோ, தாயே!"